படிக்கத் தொடங்கும் முன் கண் செய்யும் வேலை

கையை நேராக நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஒரு கணத்தில் உங்கள் கண் கூர்மையாகப் பார்க்கும் பரப்பு ஏறக்குறைய அந்த நகத்தின் அளவுதான். கோணக் கணக்கில் சுமார் 2 டிகிரி. விழித்திரையின் நடுவே ஃபோவியா என்ற சிறு குழி இருக்கிறது. நுணுக்கத்தையும் நிறத்தையும் அறியும் கூம்பு செல்கள் அங்கேதான் மிக நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. அதைவிட்டு விலக விலகப் பார்வை மங்குகிறது. ஆனாலும் அறை முழுவதும் தெளிவாகத் தெரிவதாகவே நாம் உணர்கிறோம். கண் நொடிக்கு மூன்று நான்கு முறை இடம்விட்டு இடம் தாவுகிறது. கிடைத்த துண்டுகளை மூளை ஒரே காட்சியாகக் கோத்துக் கொடுத்துவிடுகிறது.

நோட்டீஸ், படிவம், இணையப் பக்கம் போன்றவற்றில் எதை எங்கே வைப்பது என்று கற்றுத்தரும் வடிவமைப்பு வகுப்பில் சொல்லித்தரப்படும் அடிப்படை விதிகளில் பெரும்பாலானவை இப்படித் தாவித் தாவிப் பார்க்கும் கண்ணிலிருந்தே பிறந்தவை. வேலை, குடும்பம் என்று பல ஆண்டுகள் ஓடிய பிறகு மீண்டும் மாணவியாக இந்தப் பாடத்தை எடுத்தவள் நான். என்னைப் போல் திரும்பி வந்தவர்கள் பலரும் முதல் வாரத்தில் சொன்னது ஒன்றுதான்: “எனக்கு வரையவே வராது.” வரைவது தனித் திறமை, அது இல்லாமலும் இதைக் கற்கலாம். எது எதனோடு சேர்ந்தது, எது முன்னால் நிற்கிறது, எது பின்னணி என்று பிரிக்கும் வேலையைக் கண்ணும் மூளையும் நம் குழந்தைப் பருவத்திலிருந்தே செய்துவருகின்றன. அது எப்படி நடக்கிறது என்று கவனிக்கப் பழகுவதே இந்தப் பாடம்.

கண் தன் போக்கில் தாவுவதில்லை. சோவியத் ஆய்வாளர் ஆல்ஃபிரட் யார்பஸ், இலியா ரேப்பினின் ஓவியம் ஒன்றைக் காட்டிப் பார்ப்பவரின் கண் அசைவுகளைப் பதிவு செய்தார். நாடுகடத்தப்பட்ட ஒருவர் எதிர்பாராமல் வீடு திரும்பும் காட்சி அது. படத்தில் இருப்பவர்களுக்கு என்ன வயது என்று கேட்டபோது பார்வை முகங்களைச் சுற்றி வந்தது. குடும்பத்தின் வசதி எப்படி என்று கேட்டபோது அறைக்கலன்களிலும் உடைகளிலும் அலைந்தது. படம் ஒன்று, கேள்வி மாறியதும் கண்ணின் பாதை மாறிவிட்டது.

மருத்துவமனை அறிவிப்புப் பலகையின் முன் நிற்பவரும் ஒரு கேள்வியோடுதான் நிற்கிறார்: எலும்பு டாக்டர் எத்தனை மணிக்கு வருவார்? அடுத்து எங்கே தாவுவது என்று அவருடைய கண்ணுக்குச் சொல்வது மங்கலான ஓரப்பார்வைதான். அதற்குச் சிறிய எழுத்து எட்டாது. பெரிதாக, அழுத்தமாக, தனித்து நிற்பது மட்டுமே எட்டும். தலைப்பைப் பெரிதாக்குவதற்கு அழகு இரண்டாவது காரணம். ஓரப்பார்வை அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதே முதல் காரணம்.

அடுத்து வருவது குழுவாக்கல். என் கருத்தில் மொத்தப் பாடத்தின் உயிரும் இதுதான். 1923-இல் ஜெர்மனியின் மாக்ஸ் வெர்த்தைமர் வெறும் புள்ளிகளை வரைந்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்தால் ஒரே வரிசை தெரிகிறது. இடைவெளியை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டினால் அதே புள்ளிகள் ஜோடிகளாகிவிடுகின்றன. விலகி நிற்கும் இரண்டை ஜோடியாகப் பார்க்க முயன்று பாருங்கள், கண் ஒத்துழைக்காது. அருகில் இருப்பவை ஒன்றைச் சேர்ந்தவை, ஒரே மாதிரி இருப்பவை ஒன்றைச் சேர்ந்தவை, ஒரே கோட்டில் தொடர்பவை ஒன்றைச் சேர்ந்தவை என்று நாம் யோசிக்கும் முன்பே மூளை முடிவு செய்துவிடுகிறது. கெஸ்டால்ட் உளவியல் என்ற பெயரில் வளர்ந்த இந்த ஆய்வுகளைத்தான் இன்று வடிவமைப்பு மாணவர்கள் விதிகளாகப் படிக்கிறார்கள்.

ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்துக்கொள்வோம். ‘பெயர்’ என்ற சொல்லுக்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, இரண்டும் ஒரே தூரத்தில். எந்தக் கோட்டில் எழுதுவது? கவுன்டரின் முன் பேனாவோடு தயங்கி நிற்பவரைப் பார்த்து, “இதுகூடத் தெரியாதா?” என்று கேட்கிறார்கள். எனக்குக் கோபம் வரும் இடம் இது. குறை அந்தத் தாளில் இருக்கிறது. சொல்லை அதற்குரிய கோட்டின் பக்கம் சில மில்லிமீட்டர் நகர்த்தினால் அந்தத் தயக்கம் போய்விடும். அதற்கு மையும் வேண்டாம், கூடுதல் காகிதமும் வேண்டாம். புதிதாகக் கற்பவர்கள் பொருள்களைப் பிரித்துக் காட்டக் கட்டம் போடுகிறார்கள், கோடு இழுக்கிறார்கள், பின்னணிக்கு நிறம் அடிக்கிறார்கள். அதே வேலையை வெற்றிடம் சத்தமில்லாமல் செய்துமுடிக்கும். பல பயிற்சிகள் வண்ணச் சக்கரத்தில் தொடங்குகின்றன. இடைவெளியில் தொடங்குவதே சரி என்பேன்.

நிறத்துக்கு வேலை இல்லை என்று சொல்லவில்லை. 1980-இல் ஆன் ட்ரைஸ்மனும் கேரி ஜெலேடும் வெளியிட்ட ஆய்வு அதன் பலத்தையும் எல்லையையும் காட்டுகிறது. நீல எழுத்துகளுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு எழுத்து இருந்தால், சுற்றிலும் எத்தனை இருந்தாலும் அது உடனே கண்ணில் படும். ஆனால் நிறம், வடிவம் இரண்டையும் சேர்த்துப் பார்த்துத் தேட வேண்டியிருந்தால், எண்ணிக்கை கூடக் கூட நேரமும் கூடும். சுற்றியுள்ளவை ஒரே நிறத்தில் இருந்தால்தான் ஒரு நிறம் தனித்து நிற்கும். திருவிழா நோட்டீஸில் ஒவ்வொரு வரியும் ஒரு நிறத்தில் இருந்தால் எந்த வரியும் தனித்துத் தெரியாது.

நிறத்தைவிட அடிப்படையானது வெளிச்ச வேறுபாடு. நுணுக்கமான வடிவங்களைப் பிரித்தறிய மூளை பெரிதும் நம்புவது அதையே. வெள்ளையில் மஞ்சள் எழுத்து நிறத்தால் வேறு, வெளிச்சத்தால் ஏறக்குறைய ஒன்று. எனவே படிக்க முடியாது. பார்வைக் குறை உள்ளவர்களும் இணையப் பக்கங்களைப் படிக்க வேண்டும் என்பதற்கான அணுகல் நெறிமுறைகள் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாட்டைக் கேட்கின்றன. வீட்டில் சோதிக்க, வடிவமைத்ததைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். கண்ணைச் சுருக்கியும் பார்க்கலாம். நுணுக்கங்கள் மறைந்து பெரிய திட்டுகள் மட்டும் மிஞ்சும். ஓரப்பார்வைக்குக் கிடைப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் இந்த வேறுபாடே கைகொடுக்கிறது.

தமிழில் வேலை செய்பவர்கள் ஆங்கிலப் பாடநூலின் அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு இல்லை. எனவே தலைப்பை வேறுபடுத்த அளவும் தடிமனும் இடைவெளியுமே கருவிகள். ‘கி’, ‘மீ’ மேலே வளைகின்றன. ‘பு’, ‘சு’, ‘ழு’ கீழே இறங்குகின்றன. வரி இடைவெளி குறைந்தால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் வளைவும் முட்டிக்கொள்ளும். பின் எது எந்த வரியைச் சேர்ந்தது என்ற குழப்பம் தொடங்கும், வெர்த்தைமரின் புள்ளிகளைப் போலவே. ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடிவரை எழுத்தளவில் ஒன்றரை மடங்கு இருக்கும்படி தொடங்குவது நல்லது. மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளி இன்னொரு கவலை. அளவு சிறுத்து, நிறமும் வெளுத்திருந்தால் ‘பல்’ ‘பல’ ஆகிவிடும். நம் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் இரு ஓரங்களையும் சமப்படுத்தினால் நடுவே பெரும் ஓட்டைகள் விழும். இடப்பக்கம் மட்டும் சீராக வைத்துவிடுவது மேல்.

இத்தனை வயதில் கண் பழகுமா என்று கேட்பவர்களுக்கு ஆய்வுகள் நம்பிக்கையான பதிலைத் தருகின்றன. இஸ்ரேலின் ஆவி கார்னியும் டோவ் சாகியும் 1990களின் தொடக்கத்தில் வளர்ந்தவர்களுக்குக் காட்சி நுட்பங்களைப் பிரித்தறியும் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுடைய திறன் தெளிவாகக் கூடியது. அந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி பயிற்சியின்போது தெரியவில்லை. சில மணி நேரம் கழித்தே வெளிப்பட்டது, பின் நெடுங்காலம் நீடித்தது. பரிசோதனைக்கூடத்துத் திறன் வேறு, பக்கம் வடிவமைப்பது வேறு என்பது உண்மைதான். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து களைப்பதைவிட, சமையலுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே தினம் அரை மணி நேரம் ஒதுக்குவதையே நான் பரிந்துரைப்பேன்.

வீட்டுக்கு வரும் நோட்டீஸ் ஒன்றை எடுங்கள். சொற்களை மாற்றாமல், ஒரே எழுத்துருவில், கறுப்பு மையில், இடைவெளியை மட்டும் மாற்றி மீண்டும் அமையுங்கள். பழையதையும் புதியதையும் சுவரில் அருகருகே ஒட்டிவிட்டு, மறுநாள் வீட்டில் ஒருவரிடம், “விழா எத்தனை மணிக்கு?” என்று கேட்டு, அவர் எந்தத் தாளில் முதலில் பதிலைப் பிடிக்கிறார் என்று பாருங்கள். சில வாரங்களுக்கு இது போதும். நிறத்தை அதன் பிறகு தொடலாம்.