சிற்றலைச் சூடும் உடம்பில் கிடக்கும் பீசும்

சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் ரேடியோ கேட்ட தலைமுறை வன்னியில் இன்னும் இருக்கிறது. சிற்றலையில் பி.பி.சி. தமிழோசையைப் பிடிக்கக் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பியவர்கள் அவர்கள். இன்று நாரி நோ, முழங்கால் நோ என்று பிசியோதெரபிக்கு வரும்போது, அவர்களுக்குச் சிற்றலை வெப்ப மெசினை விளங்கப்படுத்துவது எனக்குச் சுலபம். இதுவும் சிற்றலைதான். அலையின் நீளம் 11 மீற்றர்.

நொச்சி ஒத்தடமும் உப்பு ஒத்தடமும் நல்லவைதான். ஆனால் அந்தச் சூடு தோலோடு நின்றுவிடும். மிச்சத்தைக் கொழுப்பு மறிக்கும், இரத்தம் அள்ளிக்கொண்டு போய்விடும். இந்த மெசின் வெளியிலிருந்து சூட்டை உள்ளே தள்ளுவதில்லை. அதன் இரண்டு தட்டுகளுக்கும் நடுவே மின்புலம் செக்கனுக்கு 2 கோடி 71 லட்சத்து 20 ஆயிரம் தடவை முன்னும் பின்னுமாகத் திசை மாறுகிறது. தசையில் இருக்கும் நீர் மூலக்கூறுகள் ஒவ்வொரு தடவையும் திரும்ப முயல்கின்றன, உப்பு அயன்கள் முன்னும் பின்னும் அலைகின்றன. அந்த உரசலில் சூடு உள்ளேயே பிறக்கிறது. இந்த வேகத்துக்கு நரம்பு ஈடுகொடுக்காது, அதனால் 'சொக்' அடிக்காது. திசு 40 பாகை செல்சியசைத் தாண்டும்போது இரத்தக் குழாய்கள் விரியும், இறுகிய மூட்டுச் சவ்வு இளகும். அந்த இளக்கம் போகுமுன் காலை நீட்டி மடக்கிப் பழகவேண்டும். பயிற்சியைச் செய்யாமல் சூட்டை மட்டும் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவதில் பெரிய பலன் இல்லை.

தட்டுகளுக்கு நடுவே இருக்கும் கால், மெசினின் மின்சுற்றில் ஒரு பகுதியாகிவிடுகிறது. ஆளுக்கு ஆள் கால் வேறு, ஆகவே ரேடியோவைப் போலவே ஒவ்வொருவருக்கும் சுருதி சேர்க்கவேண்டும். புதிய மெசின்கள் இதைத் தாமே செய்துகொள்ளும். தட்டுக்குக் கிட்ட ஒரு நியோன் குழாயைப் பிடித்தால், வயர் எதுவும் இல்லாமலே செம்மஞ்சளாக எரியும். அதைக் கண்டதும் பலர் காலை ஆட்டாமல் இருப்பார்கள்.

உடம்பு எவ்வளவு சூட்டை வாங்குகிறது என்று மெசினின் முள் சொல்லாது. "இதமாச் சுடுது பிள்ளை" என்ற நோயாளியின் வாய்ச்சொல்தான் அளவு. அதனால்தான் முதலில் கண்ணை மூடச் சொல்லி, சுடுதண்ணீர் நிரப்பிய சோதனைக் குழாயையும் குளிர்தண்ணீர் நிரப்பியதையும் மாறி மாறித் தோலில் வைத்துக் கேட்கிறோம். வியர்வையையும் துடைத்து உலர்த்தவேண்டும். சித்திரை வெயிலில் வந்தவரின் முழங்கால் மடிப்பில் தேங்கிய ஒரு துளி வியர்வையே சூட்டைத் தன்பக்கம் திரட்டிப் பொக்களிக்க வைத்துவிடும். காய்ந்த துவாய் இதற்காகத்தான்.

வியர்வையைத் துடைத்துவிடலாம், பீசை, அதாவது போரில் பாய்ந்து உடம்புக்குள் தங்கிவிட்ட செல் துண்டை, துடைக்க முடியாது. உலோகம் மின்புலத்தைத் தன்பக்கம் இழுக்கும், கூரான முனையில் அது நெருங்கிக் குவியும், சுற்றியிருக்கும் தசை வெந்துபோகும். சூட்டை நன்றாக உணர்வது தோல்தான். ஆழத்தில் வேகும் தசை நேரத்துக்கு எச்சரிக்காது. காயம் நரம்பையும் அறுத்திருந்தால் ஆபத்து இரட்டிப்பு. இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய் உள்ள இடம் என்று விலக்கவேண்டிய பட்டியல் உலகெங்கும் உண்டு. ஆனால் வன்னியில் முதல் கேள்வி பீசைப் பற்றியதாகத்தான் இருக்கவேண்டும்.

அதையும் ஒருமுறை கேட்டால் போதாது. வயல்வேலை செய்யும் ஐயா ஒருவர் இரண்டு தடவையும் "இல்லை" என்றார். சாரத்தைச் சற்று உயர்த்தச் சொன்னபோது, முழங்காலுக்கு மேலே, தொடையின் பின்பக்கம் ஒரு தழும்பு.

"அது 2009இல பட்டது பிள்ளை. இப்ப நோகிறேல்லை, அதான் சொல்லேல்லை."

எக்ஸ்ரேயில் அரிசிமணி அளவில் மூன்று வெள்ளைப் புள்ளிகள். மெசினைச் சுவரோரம் தள்ளிவிட்டு, முழங்காலுக்குச் சுடுநீர்ப் பொதி வைத்தோம்.