பல்பு எரிந்தால் எர்த் நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னது?

இந்தக் கோடையிலும் அதே கதைதான். ஒரே ஓர் இடி. குன்னூர்ப் பக்கம் ஒரு பேக்கரியில் ரவுட்டர், பில்லிங் மெஷின், கேமரா பதிவுப் பெட்டியான டிவிஆர் மூன்றும் காலி.

2015இல் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் கோவை, திருப்பூர், ஈரோடு என்று தமிழ்நாட்டின் 11 நகரங்கள் இடம்பெற்றன. ஊட்டியும் கொடைக்கானலும் இல்லை. ஆனாலும் ஸ்மார்ட் மலையேறி வந்துவிட்டது. 2024 மே 7 முதல் இ-பாஸ், டீக்கடை வரை யூபிஐ, லாட்ஜ் புக்கிங் முழுக்க ஆன்லைன். வேலை வேகமாகியிருக்கிறது, மறுக்கவில்லை. முன்பு கரண்ட் போனால் மெழுகுவத்தி ஏற்றி வியாபாரம் நடக்கும். இப்போது ரவுட்டர் செத்தால் பில் இல்லை, பணம் வராது, கிச்சனுக்கு ஆர்டர் போகாது. ரவுட்டர் விலை பெரிதல்ல. மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் அரை நாள் கல்லா நிற்பதுதான் நட்டம். சீசனும் ஏப்ரல், மே. கோடை இடியும் அதே மாதங்கள். ஊருக்கு எவ்வளவு ஸ்மார்ட் வந்தாலும் அது உங்கள் மீட்டர் பெட்டி வரைக்கும்தான். அதற்குப் பிறகு, கசியும் கரண்டையும் இடியையும் மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழி உங்கள் பொறுப்பு.

"பல்பு பளிச்சுன்னு எரியுதுங்க, எர்த் நல்லாத்தான் இருக்கு." இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் பல்பைப் போட்டால் ஓடுவது அரை ஆம்பியருக்கும் குறைவு. எர்த்தின் மின்தடை 50 ஓம் (குறையக் குறைய நல்லது) இருந்தாலும் அதில் இழப்பது 20 வோல்ட் அளவுதான். பல்பு எரியத்தான் செய்யும். அதே 50 ஓமில் இடியின் 2000 ஆம்பியர் இறங்கினால் கணக்குப்படி 1 லட்சம் வோல்ட். அவ்வளவு ஏறுமுன்பே உங்கள் டிவிஆர் போர்டு கருகிவிடும். போதாக்குறைக்கு, எர்த் ஒயர் குழிக்குப் போகும் வழியில் அறுந்திருந்தால், இந்த பல்பு சோதனை கடையிலுள்ள ஃப்ரிட்ஜ், கிரைண்டர் உடம்பெல்லாம் கரண்டை ஏற்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். எர்த் டெஸ்டரால் அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் வர வேண்டும். மழையில் அளந்தால் எல்லாக் குழியும் நல்ல பிள்ளை. பிப்ரவரி, மார்ச்சில் அளங்கள்.

நம் மலையில் நாலடி தோண்டினால் பாறை தட்டும் இடங்கள் நிறைய. அங்கே 3 மீட்டர் எர்த் பைப்பைப் பாதியில் அறுத்து, மேலே சிமென்ட் பூசிவிட்டுப் போகும் புண்ணியவான்கள் உண்டு. ஆழம் கிடைக்காவிட்டால் நீளத்தில் போக வேண்டும்: அரை மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, 15 மீட்டராவது ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையைப் புதைத்து, சுற்றிலும் ஈரம் பிடித்துவைக்கும் பென்டோனைட் களிமண் போடுங்கள். உப்பும் கரியும் வேண்டாம். மழை உப்பைக் கரைத்துக்கொண்டு போகும், மிச்சம் பட்டையை அரிக்கும். கம்ப்யூட்டருக்கென்று மற்ற எர்த்தோடு இணைக்காமல் தனி எர்த் போடுவதும் தப்பு. எல்லா எர்த்தையும் ஒன்றாக இணையுங்கள்.

ஸ்டெபிலைசர் இடியைத் தடுக்காது. அதன் ரிலே மாறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மெயின் போர்டில், திடீரென்று எகிறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் டைப் 2 சர்ஜ் ப்ரொடெக்டர் போடுங்கள். அதற்குப் போகும் ஒயர், எர்த்துக்குப் போவதையும் சேர்த்து, அரை மீட்டருக்கு மேல் வேண்டாம். அழகாகச் சுற்றி வளைத்துக் கட்டினால் மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வோல்ட் கூடுதலாக மெஷினுக்குப் போகும். ப்ரொடெக்டரின் முகப்பிலுள்ள சின்ன ஜன்னல் சிவப்பானால் அதன் கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள்.

கேட்டில் மாட்டிய கேமராவின் லேன் ஒயர் வழியாகவும் இடி உள்ளே வரும். அதன் இரு முனையிலும் லேன் சர்ஜ் ப்ரொடெக்டர் வேண்டும். இன்டர்நெட் ஃபைபர் கரண்டைக் கடத்தாத கண்ணாடிதான், ஆனால் அந்த ஒயரைத் தாங்கும் ஸ்டீல் கம்பி கண்ணாடி இல்லை. அதைச் சுவருக்கு வெளியிலேயே நிறுத்துங்கள்.

மினி யூபிஎஸ்ஸில் ரவுட்டரை மட்டும் செருகிவிட்டு, ஃபைபர் பெட்டியை விட்டுவிட்டு, "நெட் சரியில்லை" என்று கம்பெனிக்காரனைத் திட்டாதீர்கள்.

வானம் கறுத்தபின் டெஸ்டரோடு குழிப்பக்கம் யாரும் போக வேண்டாம். மேலே சொன்ன வேலையெல்லாம் மார்ச் முடிவதற்குள்.