படகில் குளிர்பதனம்: மானியம் கேட்கப் போகும் முன்

விசைப்படகில் குளிர்பதன இயந்திரம் வைக்க மானியம் உண்டு என்று காதில் விழுந்ததும், பலர் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். மானியத்தை இழக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஒப்புதல் ஆணைத் தேதிக்கு முந்தைய பில்லைக் காட்டினால், ‘ஏற்கெனவே முடித்த வேலை’ என்று கோப்பை ஓரம் கட்டிவிடுவார்கள். ஆணை கையில் வரும்வரை விலைப்புள்ளி மட்டும் வாங்குங்கள். பணம் கொடுக்காதீர்கள்.

திட்டத்தின் பெயர் பிரதான் மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனா. 2020-ல் வந்தது, 2025-26 வரை நீட்டிக்கப்பட்டது. மீன்வளத் துறை உதவி இயக்குநர் ஆபீஸில் (ஏடி ஆபீஸ்) போய் ‘படகுக்கு ஃப்ரீசர் மானியம்’ என்று கேட்டால் அப்படி ஒன்று இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ‘இருக்கும் மீன்பிடிப் படகுகளை ஏற்றுமதித் தரத்துக்கு மேம்படுத்துதல்’ என்ற பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். இந்த ஆண்டு மாவட்டத்துக்கு அதில் இலக்கு, அதாவது இத்தனை படகுக்குத் தரலாம் என்ற ஒதுக்கீடு, வந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இலக்கே வராத பிரிவுக்கும் மனு வாங்கி அடுக்கி வைப்பார்கள், கேட்காதவரை யாரும் சொல்ல மாட்டார்கள்.

பணக் கணக்கில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம். ஆனால் அது உங்கள் பில்லில் அல்ல, ஒரு படகுக்கு இவ்வளவுதான் செலவு என்று அரசு வைத்திருக்கும் அலகுத் தொகையில். இந்தப் பிரிவுக்கு அது 15 லட்சம். 25 லட்சத்துக்கு வேலை செய்தாலும் பொதுப் பிரிவுக்கு அதிகபட்சம் 6 லட்சம், மற்றவர்களுக்கு 9 லட்சம். ‘பாதி அரசு தரும்’ என்று கணக்குப் போட்டுக் கடன் வாங்காதீர்கள். அதுவும் பெரும்பாலும் வேலை முடிந்து, ஆய்வு முடிந்த பிறகே கணக்கில் ஏறும். அதுவரை வட்டி உங்கள் தலையில்.

அடுத்த சிக்கல் பெயர். அப்பா இறந்து ஆண்டுகள் ஆகியும் படகின் பதிவு அவர் பெயரிலேயே இருக்கும். அல்லது வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிய படகாக இருக்கும். இரண்டுமே கடலில் ஓடும், கோப்பில் ஓடாது. வாரிசுச் சான்று, பெயர் மாற்றம் எல்லாம் முடித்துவிட்டு மனு போடுங்கள். 60 சதவீதத்துக்காக மனைவி பெயரில் மனுவை மட்டும் போட்டு, படகைக் கணவர் பெயரில் வைத்திருப்பதும் அங்கேயே அடிபடும். ஆதார், வங்கிப் புத்தகம், படகுப் பதிவு மூன்றிலும் பெயரும் முதலெழுத்தும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு எழுத்துக்காக மாதக்கணக்கில் அலையவிட்ட கதைகள் கடற்கரையில் ஏராளம்.

கம்பெனி ஆள் ‘எல்லா பேப்பரும் நானே பார்த்துக்கிறேன்’ என்றால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். மானியம் எவ்வளவோ அவ்வளவு விலை ஏறியிருக்கும். மானியம் இல்லாமல் என்ன விலை என்று வேறொருவரை விட்டு விசாரியுங்கள். விலைப்புள்ளியில் கம்ப்ரசர் மட்டும் இருந்தால் போதாது. மீன் அறைக்குக் குளிர் வெளியேறாமல் தடுக்கும் பாலியூரித்தேன் நுரைக் காப்பு, மின்சாரத்துக்கு ஜெனரேட்டர், வயரிங், கடல் உப்பைத் தாங்கும் கண்டன்சர் எல்லாம் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். காப்பு சரியில்லாத அறையில் எந்த இயந்திரமும் டீசலைத்தான் குடிக்கும். மானிய டீசல் அளவு அதற்காக உயரும் என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள். ஆர்-22 வாயுவில் ஓடும் பழைய இயந்திரத்தைத் தலையில் கட்டப் பார்த்தால் வேண்டாம். அந்த வாயுவைப் படிப்படியாக ஒழித்துவருகிறார்கள், நாளைக்கு நிரப்ப அலைய வேண்டும். வெளிப்பொருத்து மோட்டார் ஓடும் பைபர் படகுக்காரர்கள் இந்தப் பிரிவின் பின்னால் ஓடாமல் நல்ல ஐஸ் பெட்டியைப் பார்ப்பதே மேல்.

ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் படகு கடலில் இருக்கும், படகு கரையில் இருக்கும் நாளில் அதிகாரி ‘மீட்டிங்கில்’ இருப்பார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் பொருத்தும் வேலையை வைத்துக்கொண்டால் இந்த இழுபறி குறையும். துறையின் ஆண்டுப் படகு ஆய்வும் அப்போதுதான் நடக்கும். வேலைக்கு முன்னும் பின்னும் படகு எண் தெரியப் படம் எடுங்கள். இயந்திரத்தில் பொறித்த எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கட்டும்.

மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். ‘வெச்சுட்டுப் போங்க’ என்பது ஒப்புகை ஆகாது. தராவிட்டால் அதே மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது ஆட்சியரின் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். அங்கே எண் போட்டே தீர வேண்டும். ‘நிதி இல்லை’ என்று வாயால் சொன்னால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள்: இந்தப் பிரிவுக்கு வந்த இலக்கு எத்தனை, ஒப்புதல் பெற்ற படகுகளின் எண்கள் என்ன, என் மனு இப்போது யார் மேசையில். 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்குள்ளாகவே கோப்பு நகர்வதும் உண்டு.