பகலில் தேடினால் கிடைக்காத செள்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதத்தில் எங்கள் வீட்டு அடைக்கோழி 14-ஆம் நாளில் முட்டைகளை விட்டு எழுந்து வந்துவிட்டது. மொத்தம் 11 முட்டைகள். இன்னும் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தால் குஞ்சு பொரித்திருக்கும். பிடித்துக்கொண்டு போய்த் திரும்பத் திரும்பக் கூடையில் வைத்தேன். வைத்த வேகத்தில் எழுந்து ஓடியது. கொண்டை வெளுத்துக் கிடந்தது. இறக்கையைத் தூக்கி, வயிற்றுப் பக்கத்து இறகுகளை விலக்கி, பேன் இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கோழியை ஏன் புரட்டுகிறாய்? அது உட்கார்ந்த இடத்தைப் புரட்டு" என்றார்.

கூடையில் இருந்த வைக்கோலைத் தூக்கினேன். அடியில் சாம்பல் கொட்டினாற்போல் ஏதோ படிந்திருந்தது. அந்தச் சாம்பல் நகர்ந்தது. அடுத்த நொடி மணிக்கட்டில் ஊர ஆரம்பித்தது. ஒன்றை நகத்தில் வைத்து நசுக்கினேன், சிவப்பாகக் கசிந்தது. அது எங்கள் கோழியின் இரத்தம்.

ஊருக்கு ஊர் இதைச் செள் என்பார்கள், செல்லு என்பார்கள், கோழிப்பேன் என்பார்கள். ஒரே பெயருக்குள் மூன்று நான்கு உயிர்கள் ஒளிந்துகொண்டிருப்பதுதான் பாதிச் சிக்கல். இங்கே நான் சொல்லப்போவது சிவப்புச் செள். 'டெர்மனிஸஸ் கல்லினே' என்பது அதன் அறிவியல் பெயர். கோழியின் தோலைக் குத்துவது என்று பொருள் கொள்ளலாம். சுவீடனைச் சேர்ந்த சார்ல்ஸ் டி கீர் 1778-இல் இதை விவரித்து எழுதினார். இது பூச்சி இனமே இல்லை. எட்டுக் கால்களுடன் சிலந்தி, உண்ணி ஆகியவற்றின் உறவுக் கூட்டத்தில் சேர்ந்தது. வளர்ந்த பெண் செள்ளின் நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். வயிறு காலியாக இருக்கும்போது சாம்பல் வெள்ளை. குடித்து முடித்ததும் செக்கச் சிவப்பு. செரிக்கச் செரிக்கக் கறுப்பு. பெயரில் சிவப்பு இருப்பதை நம்பிப் பகலில் சிவப்பு நிறத்தைத் தேடுகிறவர்கள் ஏமாந்து போவார்கள்.

இதை வெல்வதற்குத் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான செய்தி, இது கோழியின் மேல் வாழ்வதில்லை என்பதுதான். பேன் கோழியின் இறகிலேயே பிறந்து இறகிலேயே சாகிறது. சிவப்புச் செள் அப்படியல்ல. கூட்டின் மரச் சந்தில், மூங்கில் கணுவின் வெடிப்பில், தகரமும் சட்டமும் சேரும் இடுக்கில் குடியிருக்கிறது. இரவில் கோழி அடைந்த பிறகு, அது உட்கார்ந்திருக்கும் கழியின் வழியாக ஏறி வருகிறது. அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை இரத்தம் குடித்துவிட்டு, விடிவதற்குள் இடுக்குக்குத் திரும்பிவிடுகிறது. அடுத்த இரண்டு, மூன்று நாட்களுக்கு அது கோழிப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே கோழியின் உடம்பில் பொடி தூவுவதும் மருந்துத் தண்ணீரில் முக்கி எடுப்பதும், கொசு கடித்த கையில் தைலம் தடவிவிட்டுத் தேங்கிய தண்ணீரை அப்படியே விடுவதற்குச் சமம்.

கண்ணுக்கே சரியாகத் தெரியாத இந்த உயிர் இருட்டில் கோழியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதற்குப் பார்க்கும் கண் இல்லை. கோழியின் உடம்புச் சூட்டை உணர்கிறது. கழியில் கோழி அசையும்போது ஏற்படும் அதிர்வை உணர்கிறது. கோழி விடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவையும் உணர்கிறது. இதில் ஒரு நுட்பம் எனக்கு மிகவும் பிடிக்கும். வெளிச்சம் இருக்கும்போது திடீரென்று மூச்சுக்காற்று பட்டால் செள் ஓடுவதில்லை, அசையாமல் நின்றுவிடுகிறது. ஆய்வகத்தில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பகலில் அவ்வளவு அருகில் மூச்சு வந்தால், கோழியின் அலகு பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். நகர்வதைத்தான் கோழி கொத்தும். விருந்தே வேட்டைக்காரனாகவும் இருக்கும்போது எப்போது ஏற வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பது அந்தச் சின்ன உடம்பில் எழுதப்பட்டிருக்கிறது.

திரும்பிய செள் தன்னந்தனியாகப் பதுங்குவதும் இல்லை. அவை ஒருவித மணத்தை வெளியிட்டு ஒன்றையொன்று அழைக்கின்றன. உடம்பின் எல்லாப் பக்கமும் எதிலாவது உரசிக்கொண்டிருக்கும் இடுக்குகளே அவற்றுக்குப் பிடிக்கும். இந்த இரண்டும் சேர்வதால்தான் ஒரே சந்தில் நூற்றுக்கணக்கில் கொத்தாகக் கிடக்கின்றன. நமக்கு இது நல்ல செய்தி. கொத்தாகக் கிடப்பதைக் கொத்தாக அழிக்கலாம்.

பெருகும் வேகம்தான் அச்சுறுத்துவது. ஒவ்வொரு முறை இரத்தம் குடித்த பிறகும் பெண் செள் 4 முதல் 8 முட்டைகள் இடும். முட்டை இரண்டு, மூன்று நாட்களில் பொரிக்கும். முதலில் வருவது ஆறு கால் குஞ்சு. அது இரத்தம் குடிக்காது. தோலுரித்து எட்டுக் கால் பெற்ற பின் இரண்டு இளம் பருவங்கள், பிறகு வளர்ந்த பருவம். வெப்பம் 25 முதல் 30 டிகிரி வரை இருந்து காற்றில் ஈரமும் இருந்தால் இந்த முழுச் சுற்றும் ஒரே வாரத்தில் முடிந்துவிடக்கூடும். ஒரு பேச்சுக்கு, ஒரு பெண் செள்ளின் வாரிசுகளில் வாரத்துக்கு ஐந்து பெண்கள் பிழைப்பதாக வைத்துக்கொள்வோம். 10 செள் ஒரு வாரத்தில் 50, பிறகு 250, 1,250, நான்காவது வாரம் 6,250. போன மாதம் ஒன்றும் இல்லை, இந்த மாதம் எங்கிருந்து வந்தது என்று நாம் திகைப்பது இதனால்தான். ஐரோப்பாவில் இது கோடைத் தொல்லை. குளிர் வந்ததும் பெருக்கம் அடங்கும். நம் ஊரில் அடங்கவைக்கும் குளிர் கிடையாது. மழைக்காலமோ அதற்கு வேண்டிய ஈரத்தையும் கொடுத்துவிடுகிறது.

அடைக்கோழி மற்றக் கோழிகளைவிட மோசமாக மாட்டிக்கொள்வதற்கும் காரணம் புரிகிறது. மற்றவை பகலில் மேயப் போய்விடும். அடைக்கோழியின் வயிற்றுக்கு அடியில் இரவும் பகலும் இருட்டு, சூடு, வைக்கோல் இடுக்கு. செள்ளுக்கு வீடும் சோறும் ஒரே இடத்தில். இரத்தம் இழந்து கோழி துவண்டுபோகும். பொறுக்க முடியாமல் ஒரு நாள் எழுந்துவிடும். அதன் தாய்மையைக் குறை சொல்லக் கூடாது. பொரித்த குஞ்சுகள் அந்தக் கூடையிலேயே இருந்தால் இன்னும் கொடுமை. அந்தச் சின்ன உடம்பில் இழப்பதற்கு எவ்வளவு இரத்தம் இருக்கும்? காரணம் தெரியாமல் குஞ்சுகள் சாவதில் சில இப்படியும் இருக்கலாம்.

முதலில் வந்திருப்பது எது என்று உறுதிசெய்ய வேண்டும். இரவு கோழிகள் அடைந்து இரண்டு மணி நேரம் கழித்து, டார்ச்சுடன் ஒரு வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு போங்கள். கழியின் அடிப்பக்கத்தையும் அது சுவரில் பொருந்தும் முனையையும் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் இரத்தக் கீற்று விழுந்தால் சிவப்புச் செள். பகலில் என்றால் இடுக்குகளின் வாயில் உப்பும் மிளகுத்தூளும் கலந்து தூவியதுபோல் தெரியும். வெள்ளை உரித்த தோல், கறுப்பு எச்சம். முட்டை ஓட்டில் சிறு இரத்தப் புள்ளிகள் இருப்பதும் ஓர் அடையாளம். பட்டப்பகலிலும் கோழியின் உடம்பில், முக்கியமாக ஆசனவாயைச் சுற்றி, கருமையாகச் செள் மொய்த்திருந்தால் அது வேறு இனம்; வெப்ப நாடுகளில் பரவலாக இருக்கும் அந்த இனம் கோழியின் மேலேயே தங்குவது. அதற்குக் கோழிக்கும் சிகிச்சை வேண்டும். மஞ்சளாக, தட்டையாக, இறகின் அடியில் விரைந்து ஓடுவது பேன்.

இனி ஒழிக்கும் வழி. என் அனுபவத்தில் முதல் ஆயுதம் சூடு. 45 டிகிரியைத் தாண்டிய சூட்டைச் சிவப்புச் செள் தாங்காது. நார்வேயிலும் நெதர்லாந்திலும் ஒரு தொகுதிக் கோழிகளை அனுப்பிய பிறகு முழுப் பண்ணைக் கூடத்தையும் அந்த அளவுக்கு மேல் சூடேற்றி வைத்துச் செள்ளைக் கொல்கிறார்கள். புழக்கடைக் கூட்டுக்கு ஒரு குண்டான் கொதிநீர் போதும். கோழிகளை வெளியேற்றிவிட்டு, வைக்கோலை எரித்துவிட்டு, கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி, ஒவ்வொரு சந்திலும் கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டும். மேலாக வாரித் தெளித்தால் பலகை மட்டும் நனையும். உள்ளே இருப்பது பிழைத்துக்கொள்ளும். தண்ணீரில் சலவை சோப்பைக் கரைத்துக்கொள்வது நல்லது. வெறும் தண்ணீர் செள்ளின் மெழுகு உடம்பில் ஒட்டாமல் உருண்டுவிடும். சோப்பு அந்த உருளலைக் கெடுத்து, மூச்சுத் துளைகள் வரை நீரைக் கொண்டுபோகும். பிறகு சித்திரை வெயிலைப் போல ஒரு வெயிலில் கூட்டைக் காயவிட வேண்டும்.

இரண்டாவது, வறட்சி. செள்ளின் உடம்பைச் சுற்றி மிக மெல்லிய மெழுகுப் பூச்சு இருக்கிறது. அதுதான் உள்ளே இருக்கும் நீரைக் காக்கும் சுவர். டயட்டம் மண் எனப்படும் நுண்பாசிப் படிவத்தூள் அந்த மெழுகை உறிஞ்சிவிடுகிறது. உடம்பு சிறியதாக ஆக, கொள்ளளவோடு ஒப்பிட்டால் வெளிப்பரப்பு அதிகம். ஆகவே சுவர் உடைந்ததும் செள் வெகு விரைவில் உலர்ந்து சாகிறது. இதில் நஞ்சு ஏதும் இல்லாததால் இதற்குப் பழகித் தப்பிக்கும் தலைமுறை உருவாவதும் எளிதன்று. ஆனால் காற்றில் ஈரம் அதிகமானால் இந்தத் தூளின் வேகம் குறையும். மழைக்காலத்தில் இதை மட்டும் நம்பக் கூடாது. தூவும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். நுண்தூள் நமக்கும் கோழிக்கும் நுரையீரலில் தீங்கு செய்யும். நம் வீடுகளில் அடுப்புச் சாம்பலைக் கூட்டில் தூவிய வழக்கமும் இந்த வேலையைத்தான் ஓரளவு செய்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது அதைவிடச் சிறந்த வழக்கம். சந்துகளை அடைத்து வீட்டையே பிடுங்கிவிடுகிறது. புழுதிக் குளியலுக்கு ஒரு குழி கட்டாயம் வேண்டும். ஆனால் அது பேனுக்கும் உடம்பில் தங்கும் செள்ளுக்கும் பயன்படும் அளவுக்கு, சுவர் இடுக்கில் தூங்கும் சிவப்புச் செள்ளுக்குப் பயன்படாது.

மூன்றாவது, வழியை மறிப்பது. கழி கூட்டுச் சுவரைத் தொடாமல் இரு கால்களின் மேல் நிற்கட்டும். கால்களை எண்ணெய் ஊற்றிய டப்பாவில் நிறுத்திவிட்டால், சுவரில் இருக்கும் செள் கோழியை எட்ட வழியில்லை. உள்ளே பொந்து இருக்கும் மூங்கிலுக்குப் பதில் வழுவழுப்பான உருண்டைக் கழி வையுங்கள்.

எதைச் செய்தாலும் ஒரே நாளில் விட்டுவிடக் கூடாது. தப்பிய முட்டைகள் பொரித்து, அவை முட்டையிடும் வயதுக்கு வருவதற்குள் அடுத்த அடி விழ வேண்டும். ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை என்பது அந்த ஒரு வாரச் சுற்றிலிருந்து வந்த கணக்கு. கூட்டைச் சில வாரம் காலியாக விட்டால் பட்டினியில் செத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். குளிர்ந்த இடத்தில் சோறின்றி எட்டு, ஒன்பது மாதம் உயிரோடிருந்ததைக் கண்டிருக்கிறார்கள். நம் வெப்பத்தில் அவ்வளவு நாள் தாங்காது. ஆனாலும் ஒரு மாதம் என்பது போதுமான பட்டினி அல்ல.

பூச்சிக்கொல்லியைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நெல்லுக்குப் போடும் மருந்தைக் கரைத்துக் கோழிக்கூட்டில் அடிக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. 2017-இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்ததை அவர்கள் அறிய வேண்டும். சிவப்புச் செள்ளை ஒழிப்பதற்காகப் பண்ணைகளில் அடிக்கப்பட்ட, மூலிகை எண்ணெய் என்று விற்கப்பட்ட கலவையில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி ரகசியமாகச் சேர்க்கப்பட்டிருந்தது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளில் அதைப் பயன்படுத்த அங்கே தடை இருக்கிறது. கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் அது கோழியின் உடலில் தங்கி முட்டைக்குள் வந்துகொண்டே இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பண்ணைகள் மூடப்பட்டன. பல நாடுகளில் கோடிக்கணக்கில் முட்டைகள் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. அதே ஃபிப்ரோனில் நம் வயல்களில் தண்டுத் துளைப்பானுக்குக் குருணையாகத் தூவப்படுகிறது. கோழிக்கூட்டில் அடித்தால் அது குழந்தைக்கு நாம் அவித்துக் கொடுக்கும் முட்டைக்கு வரும். மருந்து வேண்டிய நிலை வந்தால் கால்நடை மருத்துவரிடம் போய், முட்டையை எத்தனை நாள் உண்ணக் கூடாது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

வேம்பின் மேல் நமக்கு இருக்கும் நம்பிக்கை வீண் அல்ல. இத்தாலியில் முட்டைக்கோழிக் கூடங்களில் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்துப் பார்த்தபோது செள் வெகுவாகக் குறைந்தது. ஆனால் அது இடுக்குகளில் படும்படி மீண்டும் மீண்டும் தெளிக்கப்பட்ட கரைசல். அடைக்கூடையில் போடும் ஒரு பிடி வேப்பிலையிடம் அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

அந்த ஐப்பசியில் முட்டைகளை உலர்ந்த துணியால் துடைத்து, கொதிநீர் காட்டிக் காயவைத்த வேறொரு கூடையில் புது வைக்கோல் போட்டு, அன்று மாலையே கோழியை வைத்தேன். சுற்றிக் கொஞ்சம் நடந்துவிட்டு உட்கார்ந்தது. 11-இல் 6 பொரித்தன. அதன் பிறகு கழியின் அடியில் நெளிநெளியான அட்டைத் துண்டு ஒன்றைச் சுருட்டிக் கட்டிவைத்திருக்கிறேன். செள் விரும்பும் இடுக்கு அதில் நிறைய உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவிழ்த்து வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பார்ப்பேன். ஏதாவது நகர்ந்தால் அட்டை அடுப்புக்குப் போகும், அண்டாவில் தண்ணீர் ஏறும்.