கிரேன் கை பக்கத்து மனைக்கு மேல் போகிறதா? முதலில் எழுதி வாங்குங்கள்

இந்த மாதமும் ஒரு பில்டர் வக்கீல் நோட்டீஸோடு வந்து உட்கார்ந்தார். பாதிக் கட்டடம் எழும்பியாகிவிட்டது, டவர் கிரேன் சுற்றிக்கொண்டிருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் ஸ்டே கேட்கப் போகிறார். "சார், லோடு அவங்க வீட்டு மேல போறதே இல்ல. வெறும் ஜிப்தான் (கிரேனோட நீளக் கை), அதுவும் நூறடி உயரத்துல!"

இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. அடுத்தவர் மனைக்கு மேலே உள்ள வெளிக்குள் கை நுழைந்தாலே அத்துமீறல், அதற்குச் சேதத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. ஓடு உடைந்ததா, ஆள் அடிபட்டாரா என்பதெல்லாம் இழப்பீட்டுக் கணக்குக்கு. 1987-இல் லண்டனில் ஆங்கர் பிரூஹவுஸ் வழக்கில் இதே கதைதான். கிரேன் கைகள் பக்கத்து இடங்களுக்கு மேல் சுற்றின, சேதம் எதுவும் இல்லை. ஆனாலும் தடையுத்தரவு கிடைத்தது. "அப்போ விமானம் பறக்கலையா?" என்பார்கள். விமானம் உயரத்தில் கடந்து போகிறது. கிரேன் உங்கள் மண்ணில் ஊன்றி நின்றுகொண்டு அவர் இடத்துக்குள் கை நீட்டுகிறது. அந்தத் தீர்ப்பே இந்த வேறுபாட்டைச் சொல்கிறது. ஆங்கிலத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாதுதான். ஆனால் நம் அத்துமீறல் சட்டம் அங்கிருந்து வளர்ந்தது என்பதால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் எடுத்து வைப்பார்.

கை எல்லை தாண்டாதபடி ஆபரேட்டரிடம் லிமிட் போடச் சொல்லிவிட்டேன் என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். பகலில் சரி. வேலை முடிந்து இறங்கும்போது அவர் ஸ்லூ பிரேக்கை, அதாவது கை சுற்றாமல் பிடித்து வைக்கும் பிரேக்கை, விடுவித்துவிட்டுத்தான் போக வேண்டும். காற்றடிக்கும் பக்கம் கை தானாகத் திரும்பினால்தான் கிரேன் தாங்கும், பூட்டி வைத்தால் கவிழும் ஆபத்து உண்டு. ஆக, காற்று அந்தப் பக்கம் அடித்தால் ராத்திரி முழுக்க அந்தக் கை பக்கத்து மொட்டை மாடிக்கு மேல்தான். அதற்காகப் பிரேக்கைப் பூட்டச் சொல்லிவிடாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன்.

சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) தரும் அனுமதி உங்கள் மனையில் கட்டுவதற்கு. பக்கத்து மனைக்கு மேல் உரிமை எதையும் அது தராது.

வாய்வார்த்தைச் சம்மதமும் போதாது. 1882-ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டப்படி அது வெறும் லைசென்ஸ், அதாவது அனுமதி மட்டுமே, இடத்தின் மேல் உரிமை அல்ல. பொதுவாக, கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். அப்படிப் பெற்றால் சைட் நிற்கும், கிரேன் வாடகை நிற்காது.

எனவே அஸ்திவாரம் தோண்டும் முன்பே கிரேன் சுற்றும் வட்டத்தை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். எல்லை தாண்டினால் கையை மேலே தூக்கி நிறுத்தும் லஃபிங் கிரேன் பற்றி இன்ஜினியரிடம் கேளுங்கள், வட்டம் சுருங்கும். அப்போதும் தாண்டினால் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். எத்தனை மாதம், என்ன தொகை, லோடு மேலே போகாது என்ற உறுதி, மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் எல்லாம் அதில் வரட்டும்.

பக்கத்து வீட்டுக்காரர்களே, கேட்டு வருபவரை எடுத்த எடுப்பில் விரட்டாதீர்கள். தொகை கேட்பது தவறில்லை. கையெழுத்துப் போடும் முன் கிரேனின் சோதனைச் சான்றிதழையும் பாலிசி நகலையும் வாங்கி, பாலிசி முடியும் தேதியைப் பாருங்கள்.