லெஷான் புத்தர் நீரை எப்படி வடிக்கிறார்?

சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில் மின், தாது, சிங்யி ஆறுகள் கூடும் இடத்தில், செம்மணற்கல் மலையிலேயே செதுக்கப்பட்டு அமர்ந்திருக்கிறார் லெஷான் புத்தர். உயரம் 71 மீட்டர். ஆற்றுச் சுழலில் படகுகள் கவிழ்வதைப் பொறுக்காமல் ஹாய்தொங் என்ற துறவி 713இல் தொடங்கிய வேலை, அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் 803இல்தான் முடிந்தது. உயரத்தைத்தான் எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய வியப்பு, இத்தனை மழையில் அவர் இன்னும் கரையாமல் இருப்பது.

மணற்கல்லில் மணல் மணிகளைப் பிடித்து வைத்திருப்பவை களிமண், சுண்ணாம்புச் சத்து போன்றவை. நீர் ஊறினால் அந்தப் பிடிப்பு இளகும். ஊறிய நீர் காயும்போது அதிலுள்ள உப்பு படிகமாகி மணிகளை நெட்டித் தள்ளும். அப்புறம் கல் பொடிப்பொடியாக உதிரும்.

மேலிருந்து வரும் நீருக்குச் சிற்பிகள் செய்த ஏற்பாட்டைப் பாருங்கள். தலையில் சுருள்முடி 18 அடுக்கு. அதில் 4, 9, 18ஆம் அடுக்குகளில் குறுக்கே வாய்க்கால் ஓடுகிறது. மேலே காரை பூசி மறைத்திருப்பதால் கீழே நிற்பவர் கண்ணுக்கு அதுவும் முடிதான். உச்சியில் விழும் மழை முகத்தில் வழியாமல் பக்கவாட்டில் ஒதுங்கிவிடும். கழுத்துப்பட்டியிலும் அங்கி மடிப்புகளிலும் இதே வேலைதான். எந்த மடிப்பு அழகுக்கு, எந்த மடிப்பு தண்ணீருக்கு என்று பிரித்துச் சொல்வதே கஷ்டம்!

சரி, மலைக்குள் இறங்கிப் பின்பக்கமாகக் கசியும் நீர்? காதுகளுக்குப் பின்னால், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை 9 மீட்டருக்கு மேல் குகை குடைந்திருக்கிறார்கள். கசிவு முகத்தை எட்டும் முன்பே அங்கே வெளிப்பட்டு வடிந்துவிடும். இரு முனையும் திறந்திருப்பதால் காற்று ஓடி ஈரத்தையும் உலர்த்தும். மார்புக்குப் பின்னாலும் இரண்டு குகைகள் உண்டு. ஆனால் அவை ஒன்றோடொன்று சேரவில்லை.

ஒரு காலத்தில் சிலையை மூடி நின்ற மரமாடம் போரில் அழிந்தது. அதன்பின் வெயிலும் மழையும் நேரடியாகத்தான். 1996இல் சிலை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2018இல் மார்பிலும் வயிற்றிலும் விரிசல்களை ஆராய டிரோன், லேசர் கருவிகளோடு வெப்பப்படக் கருவியும் வந்தது. ஈரப்பாறை காய்ந்த பாறையைவிடக் குளிர்ந்து தெரியும் என்பதால், நீர் எங்கே தங்குகிறது என்று அது காட்டிக்கொடுக்கும். இப்படிப்பட்ட கல்லைப் பூசும்போது கலவையில்தான் கவனம் வேண்டும். மணற்கல்லைவிடக் கெட்டியான சிமெண்ட் பூசினால் உள்ளே ஊறிய நீர் வெளியேற வழியின்றிப் பூச்சுக்குப் பின்னாலேயே தேங்கும். கடைசியில் பூச்சு பெயரும்போது கல்லையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும்.