ஒரு கட்டை சுருதியில் பல் தேய்க்கும் பிரஷ்

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “என் மகள் வெளிநாட்டிலிருந்து வரும்போது பல் தேய்க்கும் மின்சார பிரஷ் ஒன்று வாங்கி வந்தாள். சார்ஜரிலும் சரி, பிரஷ்ஷிலும் சரி, உலோக முனை என்று எதுவுமே கண்ணில் படவில்லை. ஈரத்தோடு தூக்கி வைத்தாலும் சார்ஜ் ஏறுகிறது. எப்படி? ஷாக் அடிக்காதா? இதெல்லாம் நமக்குத் தேவைதானா?”

முதல் இரண்டு கேள்விக்கும் பதில் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான்: மின்மாற்றி. சார்ஜருக்குள் ஒரு கம்பிச்சுருள், கைப்பிடியின் அடியில் இன்னொன்று. சார்ஜரின் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் குமிழைப் பார்த்திருப்பீர்கள். கைப்பிடியின் அடியில் அதற்கேற்ற குழி இருக்கும். காந்தப்புலம் சிதறாமல் ஒரு சுருளிலிருந்து அடுத்ததற்குப் போவதற்கான ஏற்பாடு அது. சார்ஜர் சுருளில் மின்னோட்டம் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசை மாறுகிறது. மாறும் காந்தப்புலம் கைப்பிடிச் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. 1831இல் ஃபாரடே கண்டுபிடித்த அதே தூண்டல். வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட் சார்ஜரின் பிளாஸ்டிக்கைத் தாண்டி வெளியே வருவதில்லை. பிரஷ்ஷுக்குள் இருப்பது சில வோல்ட்தான். அதனால் ஷாக் பயம் வேண்டாம், சார்ஜரோ அதன் வயரோ உடையாமல் இருக்கும்வரை. இந்த வழியில் கிடைக்கும் திறன் ஒன்றிரண்டு வாட்டுக்கு மேல் இருக்காது. முழு சார்ஜ் ஏற ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். ஒரு நாளைக்கு நாலு நிமிஷம் ஓடும் சாதனத்துக்கு அது போதும்.

ஆரம்பத்தில் இந்தப் பாதுகாப்பெல்லாம் கிடையாது. 1954இல் சுவிட்சர்லாந்தில் ஃபிலிப்-கீ வூக் உருவாக்கிய ‘பிராக்ஸோடென்ட்’டை நேராகச் சுவர் பிளக்கில் செருகித்தான் பல் தேய்க்க வேண்டும். குளியலறை, ஈரக் கை, வாய்க்குள் போகும் கருவியில் வயர்! கையை நன்றாக அசைக்க முடியாதவர்களுக்கும் பல்லில் கம்பி கட்டியவர்களுக்கும் உதவத்தான் அது பிறந்தது. வயர் இல்லாமல் சார்ஜில் ஓடும் பிரஷ்ஷை 1961இல் ஜெனரல் எலக்ட்ரிக் கொண்டுவந்தது.

சரி, உள்ளே எது ஆடுகிறது? கடையில் கிடைப்பவற்றை மூன்று ரகமாகப் பிரிக்கலாம். இரண்டு பென்சில் பாட்டரி போடும் மலிவு ரகத்தில், ஒரு பக்கம் கனமான எடை மாட்டிய சின்ன மோட்டார் இருக்கும். செல்போன் அதிர்வதும் இப்படித்தான். கைப்பிடி முழுக்க நடுங்கும், தூரிகைக்குப் போய்ச் சேருவது கொஞ்சம். அடுத்தது வட்டத்தலை ரகம். பிரான் நிறுவனம் 1991இல் கொண்டுவந்தது. மோட்டார் ஒரே பக்கமாகச் சுற்றும், இடையில் இருக்கும் கிராங்க் அந்தச் சுற்றலை இடவல ஆட்டமாக மாற்றித் தலைக்குக் கொடுக்கும். நல்ல பொறியியல்தான். ஆனால் நான் சொல்ல ஆசைப்படுவது மூன்றாவது ரகத்தை: ‘சோனிக்’ பிரஷ்.

இதற்குள் நாம் நினைக்கிற மாதிரி சுற்றும் மோட்டார் கிடையாது, பல்சக்கரமும் கிடையாது. தூரிகைத் தலையைக் கழற்றினால் ஒரு உலோகத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அது உள்ளே ஒரு ஸ்பிரிங்கோடு பிணைந்திருக்கிறது. தண்டின் அடியில் நிலைக்காந்தம், அதற்கு எதிரே மின்காந்தச் சுருள். சுருளில் மின்னோட்டம் திசை மாறும்போதெல்லாம் வடதுருவம் தென்துருவமாகும், தென்துருவம் வடதுருவமாகும். காந்தம் ஒரு முறை இந்தப் பக்கமும் மறுமுறை அந்தப் பக்கமும் இழுபடும். தண்டு சில பாகை முறுக்கிக்கொள்ளும், ஸ்பிரிங் திருப்பி இழுக்கும். அவ்வளவுதான் இயந்திரம்.

இவ்வளவு சின்ன இழுப்பு எப்படிப் பல் தேய்க்கும்? வாளி நிறையத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நடந்தால் மட்டும் தண்ணீர் தளும்பித் தளும்பி வெளியே கொட்டும். மெதுவாகவோ வேகமாகவோ நடந்தால் அவ்வளவு சிந்தாது. வாளித் தண்ணீருக்கென்று ஓர் ஆட்ட வேகம் உண்டு. நம் நடை அதோடு ஒத்துப்போகும்போது ஒவ்வொரு அடியும் முந்தைய ஆட்டத்தின்மேல் சேர்ந்துகொள்கிறது. இதற்குப் பெயர் ஒத்ததிர்வு. ஸ்பிரிங்கின் விறைப்பும், தண்டும் தலையும் சேர்ந்த நிறையும் முடிவானால், அந்தப் பிரஷ்ஷின் இயல்பு அதிர்வெண்ணும் முடிவாகிவிடும். அதை நொடிக்கு ஏறக்குறைய 260 ஆட்டம் என்று வைத்து, சுருளுக்குப் போகும் மின்னோட்டத்தையும் அதே 260இல் ஓட்டுகிறார்கள்.

இதில் எவ்வளவு மிச்சமாகிறது என்று ஒரு கணக்குப் போடலாம். தூரிகை முனை நடுவிலிருந்து இரு பக்கமும் 1 மி.மீ. நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 260 ஹெர்ட்ஸில் அதன் உச்ச வேகம் நொடிக்கு 1.6 மீட்டர், விறுவிறுவென்று நடப்பவரின் வேகம்தான். ஆனால் நொடிக்கு 520 முறை நின்று திரும்ப வேண்டும். அப்படித் திரும்பும் இடத்தில் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் சுமார் 270 மடங்கு! ஒவ்வொரு திருப்பத்துக்கும் பாட்டரி சக்தி கொடுக்க வேண்டியிருந்தால் பிரஷ் கையில் பிடிக்க முடியாத அளவுக்குப் பெருத்துவிடும். திருப்பிவிடும் வேலையைச் செய்வது ஸ்பிரிங். ஓட்டத்தில் இருந்த ஆற்றலை வாங்கித் தனக்குள் வைத்துக்கொண்டு, மறு கணமே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பற்பசை, எச்சில், ஈறு, உராய்வு ஆகியவற்றில் போகிற நஷ்டத்தை ஈடுகட்டுவது மட்டுமே பாட்டரியின் வேலை. எனக்கு இந்த ஏற்பாட்டின்மேல் கொள்ளைப் பிரியம்.

வீட்டிலேயே சோதிக்கலாம். தலையைக் கழற்றிவிட்டு ஓட விடுங்கள்: ரீங்காரம் மாறும், கையில் உணரும் நடுக்கமும் மாறும். நிறை குறைந்ததால் இயல்பு அதிர்வெண் நகர்ந்துவிட்டது. விலை மலிவு என்று வேறு கம்பெனித் தலையை மாட்டியதும் பிரஷ் சவசவ என்று ஓடினால், எடை பொருந்தவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். பல்லில் அழுத்திப் பிடித்தாலும் ஆட்டம் சுருங்கும். பாத்திரம் விளக்குகிற மாதிரி அழுத்தித் தேய்த்தால்தான் சுத்தம் என்று நம்புகிறவர்கள் இதில் பணத்தைப் போட்டுப் பயனில்லை. ஈறும் தேயும், பிரஷ்ஷும் வேலை செய்யாது.

விளம்பரத்தில் ‘நிமிடத்துக்கு 31,000 அசைவு’ என்று பார்த்திருப்பீர்கள். போவது ஒன்று, வருவது ஒன்று என்று எண்ணிய கணக்கு அது. இரண்டால் வகுத்து, நொடிக்கு மாற்றினால் 258 ஹெர்ட்ஸ். கீபோர்டின் நடு ‘சி’ 261.6. கச்சேரிக்காரர்கள் ஒரு கட்டை என்று சொல்வது இந்த ‘சி’யைத்தான், ஸ்தாயி வேண்டுமானால் முன்னே பின்னே இருக்கலாம். வாயை மூடிக்கொண்டு பல் தேய்க்கும்போது அதனோடு சேர்ந்து முனகிப் பாருங்கள், ஸட்ஜம் கிட்டத்தட்டச் சேரும்.

இந்த ரகம் வந்த வழியும் சுவாரசியமானது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் டேவிட் எங்கலும் ராய் மார்ட்டினும், தொழில்முனைவர் டேவிட் ஜூலியானியும் சேர்ந்து தொடங்கியது. முதலில் மின்னழுத்தம் கொடுத்தால் வளைகிற பீசோ படிகத்தை வைத்து முயன்றார்கள். அப்புறம்தான் காந்தத்துக்கு வந்தார்கள். அந்தப் பிரஷ் ‘சோனிகேர்’ என்ற பெயரில் 1992இல் விற்பனைக்கு வந்தது, 2000இல் பிலிப்ஸ் கைக்குப் போனது. ஆரம்பகால மாடல்களில் காந்தங்களைத் தூரிகைத் தலையிலேயே வைத்திருந்தார்கள்; கைப்பிடிக்குள் இருந்த சுருள் பிளாஸ்டிக் சுவர் வழியாகவே அவற்றை ஆட்டியது. தண்டு வெளியே வர ஓட்டையே வேண்டாம், தண்ணீர் புகவும் வழியில்லை. ஈறு வைத்தியரும் பொறியாளரும் ஒரே மேசையில் உட்காராமல் இது நடந்திருக்காது. நம்மூரில் பல் மருத்துவக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் ஒரே அறக்கட்டளையின் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இரண்டு கேண்டீனிலும் சாப்பிடுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதுகூட இல்லை. இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குக் கோட்டின்மேல் ஓடும் ரோபோவைப் பத்தாவது முறையாகச் செய்யும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பணமும் ஒரு பல் டாக்டரின் அறிமுகமும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

இப்போது மூன்றாவது கேள்வி. பல்லில் படியும் அழுக்கு உணவுத் துகள் மட்டுமல்ல. பாக்டீரியாக்கள் பசை சுரந்து கட்டிக்கொள்ளும் படலம். 1683இல் லீவன்ஹுக் தன் பல்லிலிருந்து சுரண்டியதை நுண்ணோக்கியில் வைத்து, உயிருள்ளவை நெளிவதைக் கண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். வாய் கொப்பளித்தால் இந்தப் படலம் போகாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். சோனிக் பிரஷ்ஷின் அசைவு எச்சிலையும் பற்பசை நுரையையும் வேகமாகத் தள்ளி, தூரிகை தொடாத இடத்தையும் சுத்தம் செய்யும் என்கிறார்கள். ஆய்வகத்தில் அது தெரிகிறது. வாய்க்குள் அதே அளவுக்கு நடக்கும் என்பதற்குச் சான்று பலமாக இல்லை.

மின் பிரஷ்ஷைக் கையால் தேய்ப்பதோடு ஒப்பிட்ட 56 சோதனைகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2014இல் அலசியது. மூன்று மாதத்துக்குமேல் மின் பிரஷ் பயன்படுத்தியவர்களிடம் படலம் 21 விழுக்காடும், ஈறு அழற்சி 11 விழுக்காடும் குறைவாக இருந்தன. அதில் அதிகம் சோதிக்கப்பட்டது நான் கொண்டாடிய சோனிக் அல்ல, வட்டத்தலை ரகம்! ஆகவே பலன் உண்டு, அதிசயம் இல்லை. வாங்கினால் ஒத்ததிர்வோ கிராங்க்கோ எதுவானாலும் சரி, இரண்டு நிமிட டைமர் இருக்கிறதா என்று பாருங்கள். புளூடூத், செயலி, பல் வரைபடம் இவற்றுக்குத் தண்டம் அழ வேண்டாம். மூட்டுவலியில் விரல் மடங்காதவர், படுக்கையில் இருப்பவருக்குப் பல் தேய்த்துவிடுகிறவர் இவர்களுக்கு நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன். கை நன்றாக இருந்து, பொறுமையும் இருந்தால் சாதா பிரஷ்ஷே போதும். கரித்தூளும் செங்கல் பொடியும் மட்டும் வேண்டாம். இரண்டும் எனாமலைச் சுரண்டும். நேற்று அடுப்பங்கரையில் கிடைத்த கரி இன்று கறுப்புப் பற்பசையாகி நல்ல விலைக்குப் போகிறது, அதற்கும் இதே பதில்தான்.

ஒரே ஒரு மனக்குறை. தண்ணீர் புகக்கூடாது என்று கைப்பிடியை மூடி ஒட்டிவிடுவதால், பாட்டரி செத்தால் பெரும்பாலும் முழு பிரஷ்ஷும் குப்பைதான். கையடக்கச் சாதனங்களின் பாட்டரியைப் பயனரே மாற்ற வழி இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் போட்டது. பிப்ரவரி 2027 முதல் அமல். ஆனால் ஈரத்தில் புழங்கும், கழுவக்கூடிய சாதனங்களுக்கு அதிலும் சலுகை உண்டு: பாட்டரியை மெக்கானிக் மாற்ற முடிந்தால் போதும். நம்மூரில் அந்த மெக்கானிக்கைத் தேடிப் பிடிப்பது சிரமம். லித்தியம் பாட்டரி உள்ள பழைய கைப்பிடியைச் சமையலறைக் குப்பையோடு சேர்த்துப் போடாதீர்கள், குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். மின்னணுக் கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள்.